வழி அறுப்பு

கண்ணு,

நேற்று மதியம் நீ போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் வைத்துவிட்டேன். சார்ஜ் தீர்ந்துபோயிருக்கும் என்று நீ நினைத்திருப்பாய். சார்ஜ் எல்லாம் இருந்தது, எனக்குத்தான் பேச்சு வரவில்லை. நடவு மிஷினும் அறுப்பு மிஷினும் விற்கிற கம்பெனியில் உனக்கு வேலைக்கு ஆர்டர் வந்திருக்கிறது, திருவாரூர் பக்கம் ஊர் ஊராகப் போய் விவசாயிகளுக்கு அதை ஓட்டக் கற்றுக்கொடுக்க வேண்டும், இந்த வாரத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும் என்றாய். அதுவரைக்கும் எனக்குச் சந்தோஷத்தில் இருப்புக் கொள்ளவில்லை, பக்கத்து வீட்டுக்காரம்மாவை ஜன்னல் வழியாகக் கூப்பிட்டுக்கூட விட்டேன். அப்புறம் நீ சொன்னாய் பார்: "வேணாம்னு எழுதிடலாம்னு பாக்கறேம்மா. நீ ரெண்டு நாள் மிஷின ரோட்லயே நிறுத்தி வெச்சவ. உன் வயித்துல பொறந்துட்டு நான் போயி அதையே ஓட்டக் கத்துக்குடுக்கறதா?" அங்கேதான் நான் போனை வைத்தேன். நீ சொன்ன அந்த இரண்டு நாள் கதையில் மூன்றாம் நாள் ஒன்று இருக்கிறது. அதை உனக்கு நான் சொன்னதே இல்லை. போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், இல்லாவிட்டால் உன்னைத் திட்டிவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

எட்டாவது வரைக்கும் படித்தவள் நான். கூலி வேலைக்குச் சேர்ந்து போகிற எங்கள் செட்டில் இருந்த பதினெட்டுப் பெண்களுக்கும் மனு எழுதிக் கொடுத்தது, பஸ் போர்டு படித்துச் சொன்னது, பேப்பர் வாசித்துக் காட்டியது எல்லாம் இந்தக் கைதான் என்பது உனக்கே தெரியும். அதனால் கடிதம் நீளமாக இருக்கிறது என்று கொட்டாவி விடாமல் படி. ஆரணியில் நம் ஒற்றை அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்து வீட்டில் தறி ஓடிக்கொண்டிருக்கிறது. கவரை ஒட்டாமல்தான் கொடுத்தனுப்பப் போகிறேன், வழியில் யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். இத்தனை வருஷம் மூடி வைத்ததே போதும்.

நீ பிறந்தது வேர்க்கடலை பிடுங்குகிற காலம். தேவிகாபுரம் போகிற ரோட்டில் நம் ஊருக்கு இரண்டு பக்கமும் அப்போது வேர்க்கடலைதான். கடலை என்றால் ஒரு நாள் வேலை இல்லை கண்ணு. விதைக்குத் தோல் உடைக்கிறதில் ஆரம்பித்து, விதை போட, களை வெட்ட, செடி பிடுங்க, காய் ஆய, காய வைக்க என்று வருஷத்தில் பாதி நாளைக்கு அந்தப் பயிர் எங்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். கூலியும் காயாகவே வரும். எங்கள் செட்டுக்கு ஒரு வழக்கம் இருந்தது. வேலைக்குப் போனால் பதினெட்டுப் பேரும் போவோம், இல்லாவிட்டால் ஒருத்தியும் போகமாட்டோம். பிள்ளை பெற்று வீட்டில் படுத்திருக்கிறவளுக்கும் அவள் பங்கு வீடு தேடிப் போகும். அதற்கு 'வீட்டுப் பங்கு' என்று பெயர். நான் அந்தச் செட்டுக்கு வந்து ஒரு வருஷம்கூட முழுதாக ஆகவில்லை. வயிற்றைத் தள்ளிக்கொண்டு பாதி வேலைதான் செய்திருந்தேன். புதிதாக வந்தவளுக்கு வீட்டுப் பங்கு எதற்கு என்று இரண்டு பேர் இழுத்தார்களாம். அப்போது செட்டை நடத்திக்கொண்டிருந்தவள் உன் கன்னியம்மா பெரியம்மா. "வயித்துல இருந்த புள்ளயும் நம்ம கூடத்தான காட்டுல இருந்துது? அதுக்கும் சேத்துக் குடுங்கடி" என்றாளாம். முறத்தில் காயைக் கொண்டுவந்து என் தலைமாட்டில் வைத்துவிட்டு, உன்னைத் தூக்கிப் பார்த்து, "மூக்கு மட்டும் அப்பனாட்டம் கீது, மத்ததெல்லாம் தேறிடுவான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். நீ குடித்த முதல் மாதத்துப் பால் அந்தப் பங்கிலிருந்து வந்தது. இதை முதலில் எழுதுகிறேன், ஏனென்றால் பின்னால் எழுதப்போவதைப் படிக்கும்போது இது உனக்கு ஞாபகம் இருக்க வேண்டும்.

நீ பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த சில வருஷத்தில் ரேஷன் கடையில் பாமாயில் தாராளமாக வர ஆரம்பித்தது. மளிகைக் கடையிலும் எண்ணெய் விலை இறங்கியது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அதுவரை தாளிக்கச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தவள், ஞாயிற்றுக்கிழமையானால் உனக்கு வடை சுட்டேன், போண்டா சுட்டேன், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் கொடுத்தேன். அந்தச் சமயம்தான் மணியக்காரர் ஒரு நாள் பேப்பரை மடித்துக்கொண்டு களத்துக்கு வந்தார். நம் ஊரில் அதிக நிலம் அவருக்குத்தான். "வெளிநாட்டு எண்ணெய தடையில்லாம எறக்க உட்டுட்டாங்கம்மா. இனிமே நம்ம கடலைய எவன் வாங்குவான்?" என்றார். எனக்கு வாய் நீளம் என்பது ஊருக்கே தெரியும். "ஏங்க, ஏழைபாழை நாலு நாளு நல்லா வறுத்துத் துன்னா உங்களுக்குப் பொறுக்கலையா?" என்று கேட்டேன். செட்டு மொத்தமும் சிரித்தது. மனுஷன் முகம் செத்துப்போய்த் திரும்பிப் போனார். அடுத்தடுத்த வருஷத்தில் அவர் கடலையைக் குறைத்துக்கொண்டே வந்தார், மற்றவர்களும் குறைத்தார்கள். வசதி இருக்கிறவர்கள் போர் போட்டு நெல்லுக்குப் போனார்கள், இல்லாதவர்கள் நிலத்தைச் சும்மா போட்டார்கள். நான் வடை சுட்ட எண்ணெயும் என் வேலையைக் கொண்டுபோன எண்ணெயும் ஒன்றுதான் என்று எனக்குப் புரிய இரண்டு வருஷம் ஆயிற்று. டெல்லியில் யாரோ ஒரு சட்டத்தை மாற்றினால் அது நம் அடுப்படிக்கும் வரும், கழனிக்கும் வரும், ஒரே நாளில் வராது. அடுப்படிக்கு வரும்போது நாம் கை தட்டுகிறோம். அந்த வடையை நீ எவ்வளவு ஆசையாகச் சாப்பிட்டாய் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அந்தப் பாமாயில்மேல் முழுக்கக் கோபம் வரமாட்டேன் என்கிறது.

கடலை போனதும் ஊரில் ஆம்பிளைகள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். உன் அப்பா பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனது அப்போதுதான். பொங்கலுக்கு ஒரு தடவை, ஆடிக்கு ஒரு தடவை என்று விருந்தாளி மாதிரி வந்துபோகும் மனுஷனாகிவிட்டார். உன்னை நான் தெள்ளாரில் உன் மாமா வீட்டில் விட்டுப் படிக்க வைத்தேன். கன்னியம்மா அக்கா முழங்கால் வலி என்று செட்டை என் கையில் கொடுத்தாள், எழுதப் படிக்கத் தெரிந்தவள் என்று. அப்போது எங்களுக்கு மிச்சம் இருந்தது நெல் மட்டும்தான். நடவு, களை, அறுப்பு. அறுப்புக் கூலிதான் சோற்றுக்கு நெல். அது இருக்கிறவரைக்கும் வீட்டில் உலை வைக்கிறதற்குக் கவலை இல்லை.

நீ பத்தாவது எழுதி முடித்த கோடையில், மணியக்காரர் அறுப்பு மிஷினுக்குச் சொல்லிவிட்டார் என்று தகவல் வந்தது. மிஷின் வாங்குகிறவர்களுக்கு மானியம், கடன் எல்லாம் கிடைக்கத் தொடங்கி, பெரிய ஊர்களிலிருந்து வாடகைக்கு வந்துகொண்டிருந்த காலம். மிஷினைப் பற்றி நீ டிப்ளமோ வாங்கினவன், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் படம் போட்ட புத்தகத்தில் ஒன்று இருந்திருக்காது. மிஷின் நேராகக் கழனியில் இறங்காது. இறங்குகிற இடத்தில் கதிரைக் கையால் அறுத்து வழி விட வேண்டும். திரும்புவதற்கு நாலு மூலையும் அறுத்துக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் விளைந்த கதிரை அதுவே மிதித்து நாசம் பண்ணிவிடும். இதற்கு எங்கள் பக்கம் வழி அறுப்பு என்று பெயர். அதைப் பக்கத்து ஊரில் நான் ஒரு தடவை பார்த்திருந்தேன். செட்டைக் கூப்பிட்டுச் சொன்னேன்: "சண்டை போட வாணாம். கல்லு எடுக்க வாணாம். வழி அறுக்க நம்மள்ல ஒருத்தியும் போவக் கூடாது. அவ்ளோதான். மிஷினு ரோட்லயே நிக்கும்." கன்னியம்மா அக்கா, "உன் மண்டயில இருக்கறது மூளைதான்டி" என்று என் தலையில் செல்லமாகத் தட்டினாள்.

அப்படித்தான் நின்றது. இரண்டு நாள், அந்த மிஷின் நம் ஊர் ரோட்டு ஓரம் புளியமரத்தடியில் நின்றது. டிரைவர் வடநாட்டுப் பையன், டீக்கடையில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான். நாங்கள் பதினெட்டுப் பேரும் அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு வரப்பில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். யாரையும் திட்டவில்லை. மணியக்காரர் வந்தார், கெஞ்சினார், கத்தினார். "வானத்தப் பாரும்மா, மழ வந்துகினு கீது. கதிரு சாஞ்சிட்டா நான் மண்ணத்தான் வாரணும்" என்றார். "எங்களக் கூப்புடுங்க, நாளைக்கே எறங்கி அறுத்துத் தரோம்" என்றேன். "உங்க செட்டு அஞ்சு நாளு அறுக்கும். அதுக்குள்ள மழ என்னைக் கேட்டுகினு நிக்குமா?" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவர் பிள்ளைகள் இரண்டு பேரும் சென்னையில், ஒருத்தரும் திரும்பி வரப்போவதில்லை. கடலையில் அடிபட்டவர், நெல்லிலும் அடிபட்டால் நிலத்தை விற்றுவிட்டுப் போக வேண்டியதுதான். அவரைக் கெட்டவர் என்று எழுத எனக்கு வசதியாகத்தான் இருக்கும், ஆனால் அது பொய். இந்த இரண்டு நாள் கதையை உன் மாமா வந்து பார்த்துவிட்டுப் போய் உன்னிடம் சொன்னார். நீ அதை உன் சிநேகிதர்களிடம் சொன்னாய், காலேஜ் பேச்சுப் போட்டியில் சொல்லிக் கப் வாங்கினாய். அந்தக் கப் இதோ என் அரிசி டின்மேல் இருக்கிறது. அதைத் துடைக்கும்போதெல்லாம் எனக்கு எப்படி இருக்கும் என்று இப்போது சொல்கிறேன்.

இரண்டாம் நாள் சாயங்காலம் மணியக்காரர் என்னை மட்டும் கூப்பிட்டு அனுப்பினார். பேரம் பேசக் கூப்பிடுகிறார் என்று கெத்தாகத்தான் போனேன். அன்றைக்குத்தான் உன் மார்க்கு வந்திருந்தது. பாலிடெக்னிக்கில் சேர்க்க என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும், என்னிடம் என்ன இருக்கிறது என்றும் தெரியும். "பையன் படிப்பு மூணு வருஷமும் என் செலவு. வழி மட்டும் அறுத்துக் குடு. செட்டுக்காரி நீ எறங்கினாத்தான் என் ஆளும் கூட எறங்குவான். ஜல்தி முடிச்சிடலாம்" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றுகூட நான் சொல்லவில்லை. சரிங்க என்றேன். எத்தனையோ தடவை அந்த இடத்தை மனதில் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன், நடுவில் கொஞ்சம் யோசித்திருப்பேனோ, கொஞ்சம் தயங்கியிருப்பேனோ என்று. இல்லை. வாய் தானாகச் சொன்னது.

மூன்றாம் நாள் காலை வெளுக்கும்போதே போய் வழி அறுத்தேன். ரோட்டிலிருந்து இறங்குகிற இடம், அப்புறம் ஒவ்வொரு மூலையாக. கை பழகின வேலை, வேகமாக முடிந்தது. செட்டு வரும்போது மிஷின் கழனிக்குள் இருந்தது. பதினேழு பேரும் வரப்பில் வந்து நின்றார்கள். நான் நாலாவது மூலையில் கதிர்க் கட்டோடு நின்றேன். ஒளியவும் இடமில்லை. கத்துவார்கள், மண்ணை வாரித் தூற்றுவார்கள் என்று எதிர்பார்த்தேன், அதற்குப் பதில் சொல்லவும் தயாராக இருந்தேன். கன்னியம்மா அக்கா கொஞ்ச நேரம் மிஷினைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். இடுப்பிலிருந்த அரிவாளை எடுத்து முந்தானையில் சுற்றிக்கொண்டு திரும்பி நடந்தாள், மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள். ஐந்து நாள் அறுப்பு அன்றைக்கு மத்தியானத்துக்குள் முடிந்தது. அந்த வருஷம் அவர்கள் யார் வீட்டுக்கும் கூலி நெல் வரவில்லை. ஒரு தடவை மிஷின் இறங்கிவிட்டால் அடுத்த கழனிக்காரன் ஏன் ஆள் கூப்பிடுவான்? வழி அறுத்தது மணியக்காரர் கழனிக்கு மட்டுமில்லை, ஊர் முழுக்கத்தான். அதை அறுத்தது உன் அம்மா. நான் அறுக்காவிட்டாலும் ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ கழித்து அது வந்திருக்கும். எனக்கும் தெரியும். ஆனால் அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை.

அப்புறம் அந்த ஊரில் என்னால் இருக்க முடியவில்லை. ஒருத்தியும் ஏசவில்லை, அதுதான் பேஜார். குழாயடிக்குப் போனால் பேச்சு நின்றுவிடும். 'ஆரணியில் நிரந்தர வேலை கிடைத்திருக்கிறது, அதனால் போகிறோம்' என்று உனக்குச் சொன்னேனே, அது பொய். ஓடிவந்தேன். பட்டு நெய்கிறவர்கள் தெருவில் வந்து நின்று வேலை கேட்டேன். தறியில் ஏற்றுகிற நீள இழையை, அதாவது பாவை, தெருவில் நீட்டும்போது கூட நின்று பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. அந்த வீட்டுக்காரம்மா என் உள்ளங்கையைத் தடவிப் பார்த்துவிட்டு, "அய்யோ, கை சொரசொரன்னு கீதேம்மா, பட்டு மாட்டிக்குமே" என்றாள். ஆனால் துரத்தவில்லை. பதினைந்து நாள் வீடு கூட்டவும் தண்ணீர் எடுக்கவும் வைத்துக்கொண்டு, தினமும் எண்ணெய் கொடுத்து, கையைக் கல்லில் தேய்க்கச் சொல்லி, அப்புறம்தான் இழையைத் தொட விட்டாள். அந்த மகராசிக்கு நான் யார், எங்கிருந்து வந்தேன், எதற்கு வந்தேன் என்று ஒன்றும் தெரியாது. வாடகைக்கு இந்த அறையையும் அவள்தான் பேசிக் கொடுத்தாள். மணியக்காரரும் சொன்ன சொல் தவறவில்லை, மூன்று வருஷமும் உன் காலேஜுக்குக் கட்ட வேண்டியதைக் கட்டினார். தூரத்து உறவுக்காரர் ஒருவர் உதவுகிறார் என்று உன்னிடம் சொல்லி வைத்திருந்தேன். அவருக்கும் நன்றி சொல்லத்தான் வேண்டும், கசப்போடாவது.

நூறு நாள் வேலை என்று அரசாங்கம் ஒன்று கொண்டுவந்ததே, அதற்கு நம் ஊரில் பெயர் எழுதினபோது நான் இங்கே இருந்தேன். கேள்விப்பட்டேன், போகவில்லை. எந்த முகத்தோடு அந்த வரிசையில் நிற்கிறது? ஒரு நாள் காலை, பாவு நீட்டி பாதியில் இருக்கிறோம், தெருமுனையிலிருந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு பொம்பளை வருகிறாள். கன்னியம்மா அக்கா. பஸ் ஏறி வந்திருக்கிறாள். இழையை விட்டுவிடப் பார்த்தேன். அவளே சொன்னாள்: "அட்டைக்கு போட்டோ புடிக்கறாங்க. இன்னிக்கித்தான் கடைசி. உன் பேரு எழுதிக் குடுத்துட்டேன். ரேஷன் கார்டு இன்னும் நம்ம ஊர்லதான கீது? வா, போலாம்."

"அக்கா, என்மேல கோவமில்லியா?" என்று கேட்டேன்.

"இன்னா கேள்வி கேக்கற? நெறைய கீது. அந்த வருஷம் என் வூட்ல மூணு மாசம் ரேஷன் அரிசி மட்டும்தான் தெரியுமா? கோவம் போவாது. போவணும்னு நானும் நெனைக்கல. கோவம் வேற, பங்கு வேற. பதினெட்டு பேருன்னா பதினெட்டு பேருதான். பாவ வேற யாருகிட்டயாவது குடுத்துட்டு வா, பஸ்ஸு போயிடும்."

நான் அங்கேயே தெருவில் உட்கார்ந்து அழுதேன். பாவு வீட்டுக்காரம்மா ஒன்றும் புரியாமல் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். அந்த அட்டையில் இருக்கிற போட்டோவில் என் கண் வீங்கியிருப்பதைப் பார்த்து, "ஏம்மா திருடி மாதிரி முழிக்கற?" என்று நீ கிண்டல் பண்ணினாய். சரியாகத்தான் சொன்னாய்.

முதல் வேலை ஏரி தூர் எடுப்பு. செட்டுக்கு ஒரு சதுரம் அளந்து விட்டார்கள். யாரும் என்னோடு பேசவில்லை, ஆனால் நிற்க இடம் விட்டிருந்தார்கள். பட்டுக்காகத் தேய்த்துத் தேய்த்து மிருதுவாக்கின கை, மண்வெட்டி பிடித்த அரை நாளில் கொப்புளமாகிவிட்டது. சதுரத்தின் நடுவில் வெட்டுவது சுலபம் கண்ணு, மூலைதான் கஷ்டம், மண்வெட்டி திரும்பாது. அந்த மூலைக்கு யார் போவது என்று பேச்சு வந்தது. கன்னியம்மா அக்கா தலையைத் தூக்காமலேயே, "ஏன், மூலைக்குன்னே நம்மகிட்ட ஒருத்தி கீறாளே, அவள அனுப்புங்க" என்றாள். அப்புறம் யாரோ ஒருத்தி அடக்க முடியாமல் சிரித்தாள், அடுத்து எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்ட. மூலையை நான்தான் வெட்டினேன். இன்றைக்கு வரைக்கும் எந்தச் சதுரம் கொடுத்தாலும் மூலை எனக்குத்தான். ஏரி வேலை இருக்கிற நாளில் காலை பஸ்ஸில் ஊருக்குப் போகிறேன், மற்ற நாளில் இங்கே பாவு. இரண்டு இடத்திலும் என்னைச் சேர்த்துக்கொண்டார்களே என்று தினமும் பஸ்ஸில் நினைத்துக்கொள்வேன்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ தயங்கினாய் பார், அதற்கு முதலில் உனக்கு நன்றி. வேலை என்றதும் வாய் தானாகச் சரி என்று சொல்கிற வம்சத்தில் பிறந்தும் நீ நின்று யோசித்தாய். ஆனால் எனக்காக என்று சொல்லி இந்த வேலையை விடாதே. எந்த அம்மாவுக்காக விடப்பார்க்கிறாயோ, அந்த அம்மா பாதிதான் உண்மை. நடவு மிஷினால் குனிகிற வேலை போனால் எனக்கு வருத்தமே இல்லை. கன்னியம்மா அக்கா முழங்காலைப் பார்த்தவன் எவனும் அந்த வேலை நீடிக்க வேண்டும் என்று சொல்லமாட்டான். வருத்தம் என்னவென்றால், குனிவது போகும்போது கூலியும் சேர்ந்து போய்விடுகிறது. அதற்கு மாற்று என்ன என்று மானியம் கொடுத்தவர்களும் கேட்கவில்லை, மிஷின் கொண்டுவந்தவர்களும் கேட்கவில்லை. நூறு நாள் வேலையால்தான் கழனிக்கு ஆள் கிடைக்கவில்லை என்று மணியக்காரர் இப்போது குறைப்படுகிறார். மீதி நாளைக்கு நாங்கள் என்ன சாப்பிடுவோம் என்று அவரும் யோசித்ததில்லை, மழை வந்தால் அவர் என்ன செய்வார் என்று நாங்களும் அன்றைக்கு முழுக்க யோசிக்கவில்லை.

நீ போ. போய், மிஷினைக் கழனியில் இறக்குவதற்கு முன்னால் அந்த ஊரில் யார் வழி அறுக்கிறார்கள் என்று கேள். கட்டாயம் ஒருத்தி இருப்பாள், மற்றவர்கள் கண்ணில் படாமல் அறுத்துக்கொண்டிருப்பாள். அவளைத் தனியாகக் கூப்பிடாதே, யாரையும் கூப்பிட விடாதே. செட்டையே கூப்பிட்டுப் பேசு. மணியக்காரர் என்னை மட்டும் கூப்பிட்டார், நானும் தனியாகப் போனேன், அதுதான் நடந்தது. நடவு மிஷினுக்கு நாற்றைத் தட்டில் வளர்க்க வேண்டும் என்றாயே, அந்த வேலையை அந்தப் பெண்களுக்கே கொடுக்கச் சொல்லி விவசாயியிடம் பேசிப் பார். ஸ்டியரிங்கை ஆம்பிளைகள் கையில் மட்டும் கொடுக்காமல் அவர்களில் ஒருத்தியையும் ஏற்றி உட்கார வை. கம்பெனியில் இதற்கெல்லாம் உனக்குச் சம்பளம் தரமாட்டார்கள், ஒருவேளை திட்டுவார்கள். செய்ய முடிகிறபோது செய், முடியாதபோது அதை மறக்காமலாவது இரு. அதற்கு மேல் உன்னிடம் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

இன்னொன்று. கிளம்புவதற்கு முன்னால் நம் ஊருக்குப் போய்க் கன்னியம்மா பெரியம்மா காலில் விழுந்துவிட்டுப் போ. எதற்கு என்று இப்போது உனக்குத் தெரியும்.

நேற்று ராத்திரி இதோடு முடித்து மடித்துவிட்டேன். அப்புறம் மனசு கேட்கவில்லை. அவளைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு அவளுக்குத் தெரியாமல் அனுப்பினால் அதுவும் ஒரு வழி அறுப்புதானே. இன்று காலை பஸ்ஸில் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு போனேன். மதியம் சோறு சாப்பிட்டுவிட்டு எல்லாரும் ஏரிக்கரை நிழலில் உட்கார்ந்திருந்தபோது, ஒரு வரி விடாமல் சத்தமாகப் படித்தேன். மூன்றாம் நாள் வந்தபோது நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டுப் படித்தேன். முடித்துவிட்டுக் கடிதத்தை மடித்தேன். கன்னியம்மா அக்கா வெற்றிலையைத் துப்பிவிட்டு, "எல்லாம் சரியாத்தான் எழுதிகீற. ஒண்ணு வுட்டுட்ட" என்றாள். எதை விட்டேன் அக்கா என்று கேட்டேன்.

"மூணாம் நாளு நெசம்னு எழுதிட்ட. மொத ரெண்டு நாளும் நெசம்தான்னு எங்க எழுதின? அதையும் எழுது. நாங்க பதினேழு பேரு சொன்னோம்னு எழுது. புள்ள அந்தக் கப்ப தூக்கிப் போட்டுடப் போறான்."

எழுதிவிட்டேன் கண்ணு.

அம்மா